அகலக் கண்ணாடியும் எங்கள் வீட்டுக் கூடமும்

உங்கள் இல்லத்தில் ஒரு நிக்காஹ் நல்லபடியாக நடந்து முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேக்சாக்கள் கழுவப் போய்விட்டன. ஊரிலிருந்து வந்தவர்கள் இரவு இரயிலுக்கு மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். அப்போது யாரோ ஒருவர், "எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வோம்" என்கிறார். கூடம் சிறியது, கூட்டமோ பெரியது. எடுப்பவர் பின்னால் போகப் போகச் சுவர் முதுகில் இடிக்கிறது. உடனே வீட்டுப் பிள்ளை ஒன்று, "பாயிண்ட் ஃபைவில் வையுங்கள் மாமா" என்று கைப்பேசித் திரையைத் தட்டிக் காட்டுகிறது. அப்படித் தட்டியதும் கூடமே விரிந்து, அத்தனை பேரும் படத்துக்குள் வந்துவிடுகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், எல்லாருக்கும் மகிழ்ச்சி.

அந்தப் படத்தை மறுநாள் ஆற அமரப் பாருங்கள். நடுவில் இருப்பவர்கள் நன்றாகத்தான் இருப்பார்கள். இரு ஓரங்களிலும் நின்றவர்களைப் பாருங்கள். ஒருவருடைய தோள் அகன்றிருக்கும், இன்னொருவருடைய கன்னம் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். ஓரத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. "நான் எதற்கு, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விலகி நின்று, கடைசியில் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தப்பட்டவர்கள்தாம்.

எங்கள் குடும்பத்தில் அப்படி ஓரத்தில் நின்றவர் என் பெரியம்மா. அந்தப் படத்தை எடுத்தவன் நான்.

மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவருக்குக் காமிரா ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். உருவப்படம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளை நான் இங்கே எழுத வரவில்லை. கடவுச்சீட்டுக்கும் ஹஜ்ஜுக்கும் படம் இல்லாமல் முடியாது என்ற காலத்தில் வாழ்கிறோம். என்னைப் பொறுத்தவரை மனிதர்களின் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டுவதில்லை. பீரோவுக்குள் வைத்துக்கொள்வதோடு சரி. புதுக்கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தபோது, சவூதியிலிருந்து வந்த மாமா ஒரு யாஷிகா காமிராவைக் கையில் கொடுத்தார். அதனுடன் இரண்டு லென்ஸுகள் இருந்தன. ஒன்று 50 மில்லிமீட்டர், மற்றது 28 மில்லிமீட்டர். இரண்டாவதைக் கடைக்காரர்கள் 'வைடு' என்றார்கள். நாம் அகலக் கண்ணாடி என்று வைத்துக்கொள்வோமே.

இந்த மில்லிமீட்டர் கணக்கு பலருக்கும் புரிவதில்லை. நான் மக்தப் பிள்ளைகளுக்கு இதை விளக்கிய முறையையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு விடுமுறை நாளில் வகுப்பறைச் சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, ஒரே ஒரு சிறு துளையை மட்டும் விட்டு வைத்தேன். துளைக்கு எதிரே ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால், வெளியே இருந்த வேப்பமரம் தலைகீழாக அதில் விழுந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். அட்டையைத் துளைக்கு அருகே கொண்டுவந்தால் மரம் சிறுத்து, பக்கத்து மாடி, மின்கம்பம், தெருவில் நின்ற மிதிவண்டி எல்லாம் அதே அட்டைக்குள் வந்தன. பின்னால் கொண்டுபோனால் மரம் பெரிதாகி, மற்றவை அட்டையைவிட்டு வெளியேறின. அட்டையின் அளவு மாறவில்லை, தூரம் ஒன்றுதான் மாறியது. லென்ஸில் அந்தத் தூரத்துக்குக் குவியத் தூரம் என்று பெயர். அது குறைந்தால் பார்வை அகலும், கூடினால் குறுகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் இத்தகைய இருட்டறையை வைத்துத்தான் ஒளி நேர்கோட்டில் செல்வதை ஆராய்ந்தார். அவர் அதற்கு வைத்த பெயர் 'அல்-பைத்துல் முழ்லிம்', இருண்ட வீடு. பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் மனப்பாடமாகிவிட்டது. குவியத் தூரம் மனத்தில் நின்றதா என்பது எனக்குத் தெரியாது.

35 மி.மீ. படச்சுருளில் ஒரு கட்டத்தின் அகலம் 36 மில்லிமீட்டர். ஆகவே 35 மி.மீ. லென்ஸைப் போட்டால் எளிய கணக்கு ஒன்று கிடைக்கும். நீங்கள் எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்களோ, ஏறத்தாழ அத்தனை அடி அகலம் படத்தில் விழும். பத்தடியில் நின்றால் பத்தடி. அதே பத்தடியில் 50 மி.மீ. லென்ஸ் ஏழடிதான் காட்டும். 28 மி.மீ. ஏறத்தாழப் பதின்மூன்றடி, 24 மி.மீ. பதினைந்தடி. இந்த நான்கு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் கூடத்துக்குள் நுழையும்போதே எத்தனை பேரை எங்கே நிறுத்தலாம் என்று தெரிந்துவிடும். இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியின் சாதாரண லென்ஸே இந்தக் கணக்கில் 24 முதல் 26 வரை வரும். அதாவது நாம் எல்லாரும் அறியாமலே அகலக் கண்ணாடியோடுதான் நடமாடிக்கொண்டிருக்கிறோம். 2019க்குப் பின் பரவலான அந்த 'பாயிண்ட் ஃபைவ்' ஏறத்தாழ 13 மி.மீ.க்குச் சமம். அது அகலத்திலும் அகலம்.

லென்ஸால் இதைச் சாதிக்க முடியாத காலத்தில் என்ன செய்தார்கள்? 1850களில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற படைத் தலைவர், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் சுற்றி ஓடும் கல்வெட்டை 1858இல் படமெடுத்தார். ஒரே படத்தில் அது அடங்காது. அவரோ காமிராவை இடம் மாற்றி மாற்றி வைத்து எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். வரலாறு படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். எழுத்தைப் படிக்க வேண்டுமானால் ஓரம் இழுபடக் கூடாது. அதனால் அந்த மனிதர் அத்தனை பாடுபட்டார். நாமோ ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஓரம் எப்படிப் போனாலும் போகட்டும் என்கிறோம்.

பின்னாளில் சிறிய காமிராக்கள் வந்தன. லென்ஸுக்குப் பின்னால் கண்ணாடி மேலும் கீழும் அசைகிற காமிராக்களில் குறுங்குவிய லென்ஸை உள்ளே தள்ளி வைக்க இடமில்லை. அதற்கொரு வழியை 1950இல் பிரான்ஸைச் சேர்ந்த ஆஞ்செனியூ கண்டார். முன்னால் ஒரு குழிவில்லையைச் சேர்த்து, லென்ஸ் தள்ளியே இருந்தாலும் பார்வை அகலும்படி செய்தார். மாமா கொடுத்த 28உம் அந்த வழிமுறைதான்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். மயிலாப்பூர்க் கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் பாட்டனார் வாங்கிய வீடு அது. இப்போது இல்லை. கூடம் பதினான்கு அடி நீளம், பத்தடி அகலம். பெரியத்தா மர்ஹூமானபின் பெரியம்மா அந்தக் கூடத்தின் ஓரத்துக் கட்டிலில்தான் இருந்தார். பிள்ளை இல்லை. எங்களை எல்லாம் வளர்த்தது அந்தக் கட்டில்தான் என்றால் மிகையாகாது. அவர் இருக்கும்வரை வீட்டை விற்பதில்லை என்று அத்தா சொல்லி வைத்திருந்தார்.

2003ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளன்று அனைவரும் கூடியிருந்தோம். நீளச் சுவரை ஒட்டிப் பதினொரு பேரை இரண்டு வரிசையாக நிறுத்தினேன். எதிர்ச்சுவரில் முதுகை வைத்துக்கொண்டு எட்டடி தூரத்திலிருந்து 28ஐப் போட்டு எடுத்தேன். பத்தடிக்குச் சற்று மேலான அகலம் எனக்குக் கிடைத்தது. பெரியம்மா எந்தப் படத்துக்கும் நின்றவர் அல்லர். அன்றைக்கு என் முகத்துக்காக வந்து, கடைசி ஆளாக, கதவோரம் நின்றார். முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

படம் கழுவி வந்தது. நடுவில் இருந்த அத்தா அம்மா அழகாக இருந்தார்கள். பெரியம்மாவின் முகம் அகன்று, ஒரு பக்கமாக நசுங்கியது போல இருந்தது. ஃபிளாஷ் விளக்கும் 35 மி.மீ.க்குப் போதுமானதே தவிர 28க்குப் போதாது. அதனால் அவர் நின்ற ஓரம் இருட்டடித்திருந்தது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இது யாரு தம்பி, நம்ம வீட்டுக்கு வந்தவங்களா?" என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவ்வாண்டு மழைக்காலத்தில் அவர் மவுத்தானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அவருக்கு எங்களிடம் இருப்பது அந்த ஒரே படம்தான்.

ஓரத்தில் முகம் ஏன் அகல்கிறது? நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும்படி லென்ஸுகள் செய்யப்படுகின்றன. கதவு, நிலை, தூண் எல்லாம் நேராக நிற்க வேண்டுமென்றால் உருண்டையானவை ஓரத்தில் முட்டை வடிவமாவதைத் தவிர்க்க இயலாது. 28 மி.மீ. படத்தின் பக்க ஓரத்தில் ஒரு முகம் உயரத்தைவிட அகலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இழுபடும். கைப்பேசியின் 13இல் அது ஒன்றரை மடங்கையும் தாண்டும். சில கைப்பேசிகள் முகத்தை அறிந்து தாமே சரிசெய்கின்றன. அப்போது பின்னால் உள்ள சுவரும் கதவும் வளைந்து போகும். எங்காவது ஒரு விலை கொடுத்தாக வேண்டும்.

ஆகவே, வாசகர்களே, நீண்ட ஒற்றை வரிசையாக நிறுத்தாதீர்கள். மூன்று வரிசையாக்கி நடுவில் கூட்டுங்கள். இரு பக்கமும் ஒரு முழம் வெறும் சுவர் விட்டுவையுங்கள். ஓரத்துக்கு ஆள் வேண்டுமென்றால் இளவட்டங்களை நிறுத்துங்கள், வயதானவர்களை நாற்காலி போட்டு நடுவில் உட்கார வையுங்கள். வாசல் கதவைத் திறந்துவிட்டு வெளியே இரண்டடி தள்ளி நின்று எடுக்க முடியுமானால் அதுவே எல்லாவற்றிலும் மேல்.

பெரியம்மாவின் மறைவுக்குப் பின் வீட்டை விற்பதென்று முடிவாயிற்று. சின்னத்தா இளவயதிலேயே பினாங்குக்குப் போய் அங்கேயே வாழ்ந்து மறைந்தவர். அவருடைய மகனுக்கும் வீட்டில் பாத்தியம் உண்டு. அவர் மயிலாப்பூரைக் கண்ணால் கண்டதில்லை. வீடு எப்படியிருக்கும் என்று கடிதத்தில் கேட்டார். 2004 தொடக்கத்தில் நான் ஆர்வத்தோடு ஒரு சுருள் முழுவதையும் செலவழித்து அனுப்பினேன். கூடத்தின் ஒரு மூலையில் குந்தி அமர்ந்து, 28ஐப் போட்டு, நீளவாக்கில் எடுத்த படம் அவற்றுள் மிக நன்றாக அமைந்தது. முன்னால் செந்நிறத் தரை விரிந்து ஓடியது. கட்டில் எங்கோ தொலைவில் இருந்தது. பார்க்க அரண்மனை மண்டபம் போலிருந்தது. நானே அதை மெச்சிக்கொண்டேன்.

பதில் வந்தது. "முப்பதடிக் கூடம் வைத்த வீட்டுக்கு இந்த விலையா அண்ணே? அத்தா இல்லாத பிள்ளைதானே என்று நினைத்துவிட்டீர்களா?" என்றிருந்தது. அளவுகளை எழுதி அனுப்பினேன். எழுத்தை அவர் நம்பவில்லை, படத்தை நம்பினார். நான் அனுப்பிய படம்தான் எனக்கு எதிர்ச்சாட்சி. இரண்டு ஆண்டுகள் பேச்சுவார்த்தை அற்றது. பெருநாள் வாழ்த்துக்கூட இல்லை. அத்தாவுக்கு அது பெரிய மன உளைச்சல். தொழுகை முடிந்து நெடுநேரம் முஸல்லாவிலேயே உட்கார்ந்திருப்பார். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த இடைக்காலத்தில்தான் அகலக் கண்ணாடியை உண்மையாகப் படிக்கத் தொடங்கினேன். கன்னிமாரா நூலகத்தில் கிடைத்த பழைய புகைப்பட நூல்களைப் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காமிராவோடு நடந்தேன்.

தியாகராய நகர் இரங்கநாதன் தெருதான் எனக்கு முதல் ஆசான். (பக்கத்திலுள்ள உஸ்மான் சாலை யார் பெயரால் வந்தது என்பதை நம் பிள்ளைகளில் பலர் அறியார். 1934இல் சென்னை மாகாணத்தின் ஆளுநர் பொறுப்பை வகித்த முதல் இந்தியர் சர் முகம்மது உஸ்மான்.) அந்தக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து அகலக் கண்ணாடியால் எடுத்தால், கடைப் பலகைகளும் மிளகு சிதறினாற்போலத் தலைகளும்தாம் கிடைக்கும். மேலேறி எடுத்தாலும் அப்படியே. 2023இல் மாம்பலம் இரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு 570 மீட்டர் நீளத்தில் நடைமேம்பாலம் திறந்தார்கள். அதன்மேல் நின்று இப்போது பலர் எடுப்பதும் அத்தகைய படங்களே. அகலக் கண்ணாடி கேட்பது நெருக்கத்தை. ஊசி நூல் விற்கும் ஒரு பாட்டியிடம் அனுமதி கேட்டு, மூன்று நான்கு அடியில் குனிந்தேன். தட்டும் கைகளும் முன்னால் பெரிதாக நிற்க, அவருக்குப் பின்னால் தெரு முழுவதும் தன் நெரிசலோடு வந்து விழுந்தது. எல்லாவற்றையும் அடக்குவதற்காக இந்த லென்ஸைப் போடுகிறோம் என்பது தவறான எண்ணம் என்று அன்றுதான் விளங்கியது. ஒன்றைப் பெரிதாக்கி, அதன் சூழலையும் கூடவே காட்டுவதற்குத்தான் இது.

அந்தத் தெருவில் குவியம் திருப்ப நேரம் கிடையாது. அதற்கும் வழி உண்டு. 28 மி.மீ. லென்ஸில் துளையை எஃப் 11இல் வைத்து, தூரத்தை எட்டடியில் நிறுத்திவிட்டால், நான்கடியிலிருந்து கண்ணுக்கெட்டிய தொலைவு வரை எல்லாம் தெளிவாக விழும். பிறகு காமிராவைத் தூக்கி அமுக்க வேண்டியதுதான். 50இல் இந்த வசதி இல்லை.

மயிலாப்பூரில் வேறொரு பாடம். கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் சுமார் 120 அடி. அருகில் நின்று காமிராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து, உச்சி குறுகிவிடும். லென்ஸின் குற்றமென்று பலர் நினைக்கிறார்கள். காமிராவைச் சாய்த்ததுதான் காரணம். அகலக் கண்ணாடி அதைக் கூட்டிக் காட்டும். சாய்க்காமல் மட்டமாகப் பிடித்து, 28இல் நெட்டுவாக்காக முழுக் கோபுரத்தையும் அடக்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 180 அடி பின்னால் போக வேண்டும். அப்போதும் படத்தின் கீழ்ப் பாதி முழுவதும் வெறுந்தரையாகத்தான் இருக்கும். ஆனால் மேற்கே, குளத்தின் மறுகரையில் போய் நின்றால் அந்தக் கீழ்ப் பாதிக்குத் தண்ணீர் கிடைக்கிறது. மேலைக் கோபுரம் நேராக நிற்கிறது, கீழே தலைகீழாகவும் நிற்கிறது. அந்தக் குளத்துக்கு நிலம் தந்தவர் ஆற்காட்டு நவாப் என்று மயிலைப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். ஒரு காலை நேரத்தில் படியில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் என் தொப்பியைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லி, நிழலில் உட்கார இடம் நகர்ந்து கொடுத்தார்.

அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்தில் நான் முழுத் தோல்வி கண்டேன். 1989 புயலில் தாய்மரம் வீழ்ந்தபின் விழுதுகளே மரமாகிப் பரந்து நிற்கின்றன. அகலமான மரத்துக்கு அகலமான லென்ஸ் என்று போட்டால், பச்சைக் குழப்பம் ஒன்றே மிஞ்சியது. ஒரு சுருளில் பாதி வீண். அடுத்த முறை ஒரே ஒரு விழுதின் அடியில், அதன் பட்டைச் சொரசொரப்புத் தெரியும் நெருக்கத்தில் நின்றேன். மற்ற விழுதுகள் அதன் பின்னே படைவரிசைபோல் சிறுத்துக்கொண்டே போயின. எலியட்ஸ் கடற்கரையில், 1930இல் தன் உயிரைக் கொடுத்துப் பிறரைக் காத்த ஷ்மிட் என்ற மாலுமிக்கு எழுப்பிய நினைவு மண்டபத்தைக் கடலோடு சேர்த்து எடுத்தபோது, அடிவானம் வில்லாக வளைந்தது. அதற்கு மருந்து எளிது. அடிவானத்தைப் படத்தின் நடுவே வைத்தால் வளைவதில்லை.

எங்கே இந்த லென்ஸைக் கழற்றிவிட வேண்டும் என்பதை வாலாஜா பெரிய பள்ளிவாசலில் கற்றேன். 1795இல் கருங்கல்லில் எழுந்த கம்பீரமான பள்ளி. முன்னால் பெரிய வெளி. அவ்வெளியின் இந்த முனையில் நின்று 28ஐப் போட்டேன். வெளி இன்னும் பெரிதாகி, பள்ளி தீப்பெட்டியாகிவிட்டது. பின்னால் போக இடமிருக்கும்போது அகலக் கண்ணாடிக்கு வேலையில்லை. 50ஐப் போட்டபின்தான் பள்ளிக்கு அதன் மிடுக்குத் திரும்பியது. அதுபோலவே ஒருவர் முகத்தை மட்டும் எடுக்கும்போதும் அதைத் தொடாதீர்கள். ஒன்றரையடி நெருங்கினால் மூக்கு முன்னால் வந்து காது பின்னால் போய்விடும். இதைச் செய்வது லென்ஸ்கூட அன்று, தூரம். அகலக் கண்ணாடி நம்மை நெருங்கச் சொல்கிறது, நெருக்கம் மூக்கைப் பெரிதாக்குகிறது. கையை நீட்டித் தம்மைத் தாமே எடுத்துக்கொள்ளும் நம் பிள்ளைகள் தங்கள் மூக்கை நொந்துகொள்வதற்குக் காரணம் இதுவே.

நூலகத்தில் படித்தவற்றுள் ஒரு செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு படத்தைச் சரியான தூரத்திலிருந்து பார்த்தால், எடுத்தவர் நின்ற இடத்தில் நாமே நிற்பது போல எல்லாம் இயல்பாகத் தெரியும். அந்தத் தூரம் லென்ஸின் குவியத் தூரமும் படம் எத்தனை மடங்கு பெரிதாக்கப்பட்டது என்பதும் சேர்ந்த பெருக்கல். ஆறங்குல அகலப் படம் படச்சுருளைவிட நாலேகால் மடங்கு பெரிது. 28ஐ அதனால் பெருக்கினால் ஐந்தங்குலத்துக்கும் குறைவு. நாம் படத்தை ஒரு அடி தள்ளிப் பிடித்தல்லவா பார்க்கிறோம்! அதாவது இரண்டரை மடங்கு தூரம். அதனால் கூடத்தின் நீளமும் இரண்டரை மடங்காகத் தோன்றுகிறது. பதினான்கடி முப்பத்தைந்தடியாகிறது. பினாங்குத் தம்பி பொய் சொல்லவில்லை. முப்பதடி என்று அவர் எழுதியது குறைத்துச் சொன்னதுதான். இன்று அடுக்ககங்களின் விளம்பரத் தாள்களில் படுக்கையறைகள் மைதானம்போல் தெரிவதும் இதே கணக்கால்தான். முன்பணம் கொடுக்குமுன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.

2006இல் தம்பி வந்தார். வாடகை வண்டியிலிருந்து இறங்கியவர் ஸலாம் சொன்னதோடு சரி. கூடத்துக்குள் வந்து நின்றார். கொண்டுவந்திருந்த படத்தைப் பையிலிருந்து எடுத்தார். கூடத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தார். இரு பக்கமும் ஒரு காலடியும் கொஞ்சமும் போனால் விரல் சுவரைத் தொட்டுவிடும் போலிருந்தது. "இவ்வளவுதானா அண்ணே?" என்றார். குரலில் கோபம் இல்லை.

நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள் தம்பி. படத்தை நான்கு விரற்கடைத் தூரத்தில், நேர் நடுவே பிடித்துப் பாருங்கள்" என்றேன். இளைஞர், கண் அவ்வளவு நெருக்கத்தில் குவிந்தது. சற்று நேரம் அசையாமல் நின்றார். நான் குந்தி அமர்ந்த மூலைக்குத் தாமே போய் அமர்ந்து, படத்தைக் கண்ணருகே வைத்தும் எடுத்தும், கூடத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அத்தாவின் அருகில் போய் அமர்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தா அழுதார். நான் வெளியே போய்விட்டேன்.

அன்றிரவு அந்தப் பெருநாள் படத்தையும் அவருக்குக் காட்டினேன். பெரியம்மாவை அவர் பார்த்ததில்லை. வழக்கமான தூரத்தில் பிடித்தவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவராகவே ஒரு கண்ணை மூடி, படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். நடுவை நேராக நோக்கியபடி, ஓரக் கண்ணால் கதவுப் பக்கம் பார்த்தார். அப்படிப் பார்க்கும்போது ஓரத்து முகம் சாய்வாகக் கண்ணில் படுகிறது; இழுபட்ட அகலம் அச்சாய்வில் ஒடுங்கி, தன் அளவுக்கு வந்துவிடுகிறது. கணக்குப்படி அப்படித்தான் வர வேண்டும். அதுவரை அந்தப் படத்தை அவ்வாறு பார்க்க எனக்கே தோன்றவில்லை. "முந்தானையைப் பிடித்திருக்கிற கை என் அத்தாவுடைய கை மாதிரி இருக்கிறதே அண்ணே" என்றார். பெரியம்மாவும் சின்னத்தாவும் அத்தை மாமன் மக்கள்தாம்.

வீடு அவ்வாண்டே விலைபோயிற்று. பங்கு பிரித்துக்கொண்டோம். நான் இப்போது அடையாற்றில் ஓர் அடுக்ககத்தில் குடியிருக்கிறேன். வாசலிலிருந்து உள்ளே போகும் நடை மூன்றடி அகலம்தான். அங்கே அந்த வெறுங்கூடத்தின் படத்தை 36 அங்குல அகலத்தில் அச்சிட்டு மாட்டியிருக்கிறேன். 36 மில்லிமீட்டர் 36 அங்குலமாகும்போது 28 மில்லிமீட்டரும் 28 அங்குலமாகிவிடுகிறது. அந்த நடையில் யார் நின்று பார்த்தாலும் அதற்கு மேல் பின்னால் போக இடமில்லை. வருபவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பும்போது, பதினான்கடிக் கூடம் பதினான்கடியாகவே எதிரே திறந்திருக்கும்.

சென்ற ஆண்டு தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. நடையில் சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து, தேநீர்கூடக் குடிக்குமுன், "பீரோவில் இருக்கிற சின்னப் படத்தையும் எடுங்கள் அண்ணே, பிள்ளைகள் பெரியம்மாவைப் பார்க்க வேண்டும்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதை அவரே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு இப்போது அவ்வளவு நெருக்கத்தில் எழுத்துக்கூடத் தெரிவதில்லை. அவருடைய கடைக்குட்டி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு, "இவங்க சிரிக்கிறாங்க அத்தா" என்று சொன்னாள்.